ஒரே சமக்குறி, இரண்டு வேலை

ஓசூர் சிப்காட் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கும் நண்பருக்காக சாலிடிட்டியில் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதிப் பார்த்தேன். பொம்மசந்திராவுக்கு பிளேட்டிங் போட அனுப்பும் புஷ்கள் எத்தனை போச்சு, எத்தனை திரும்பி வந்துச்சு என்கிற கணக்கு. சோதனை நெட்வொர்க்கில் 400 அனுப்பி 380 வந்ததாகப் பதிந்தேன். பரிவர்த்தனை வெற்றி. ஈவென்ட் லாகிலும் வரவு 380. ஆனால் பதிவைத் திறந்தால் வரவு 0!

தப்பு என்னுடையதுதான். ஆனா மொழிக்கும் அதில் பங்கு உண்டு.

லாட் பதிவை ஒரு வேரியபிளில் பிடிக்கும் வரியில், ஸ்டோரேஜ் என்று போடாமல் மெமரி என்று போட்டிருந்தேன். ஸ்டோரேஜ் என்றால் அந்தப் பெயர் செயினில் இருக்கும் பதிவையே சுட்டும். மெமரி என்றால் பதிவின் நகல். ஃபங்ஷன் முடிந்ததும் போய்விடும். நான் 380 என்று எழுதியது ஜெராக்ஸில். ஈவென்ட்டும் அந்த ஜெராக்ஸைப் பார்த்துத்தான் சொன்னது.

"அதான் வார்த்தை இருக்கே, பார்த்துப் போட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அந்த வார்த்தை அறிவிக்கும் வரியில் மட்டும்தான் இருக்கிறது. பத்து வரி தள்ளி மதிப்பை மாற்றும் இடத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சமக்குறியும் அப்படித்தான். ஸ்டோரேஜிலிருந்து மெமரிக்கு என்றால் நகல் எடுக்கும். மெமரியிலிருந்து மெமரிக்கு என்றால் நகல் கிடையாது, ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்.

முன்பு இன்னும் மோசம். இடம் சொல்லாமல் ஸ்ட்ரக்ட் வேரியபிளை அறிவித்தால் அது ஸ்டோரேஜ். மதிப்பும் தராவிட்டால் முதல் ஸ்லாட்டைச் சுட்டும். அங்கே உரிமையாளர் முகவரி இருந்தால் அதன் மேலேயே எழுதிவிடும். 2018 நவம்பரில் வந்த 0.5.0 இதைத் தடுத்து, இடத்தைச் சொல்வதைக் கட்டாயமாக்கியது. நல்ல திருத்தம், ஆனால் பாதிதான்.

அத்திப்பள்ளி தாண்டும் வண்டியில் இருக்கும் டெலிவரி செலானைப் பாருங்க. மூன்று படிகள், பெறுபவருக்கு, வண்டிக்காரருக்கு, அனுப்பியவருக்கு என்று ஒவ்வொன்றின் மேலும் அச்சிட்டிருக்கும். எந்தத் தாளை எடுத்தாலும் அது எது என்று தெரியும். சாலிடிட்டியில் தாளைப் பார்த்தால் தெரியாது.

2019இல் ஃபேஸ்புக்கின் லிப்ரா திட்டத்தோடு வந்த மூவ் மொழி வேறு வழியில் போனது. நகல் எடுக்கலாம் என்று வகையிலேயே அனுமதி தராவிட்டால் நகலே கிடையாது. மதிப்பை இன்னொரு பெயருக்குக் கொடுத்தால் பழைய பெயர் செல்லாது. புஷ்ஷும் அப்படித்தானே? பொம்மசந்திராவில் இருந்தால் ஓசூரில் இல்லை.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்ளும். 380 புஷ் ரேக்கில் கிடக்க, பதிவு 0 என்றால் வரியைப் பற்றிக் கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டியது நண்பர்தான், கம்பைலர் இல்லை.