பெயரீறும் ஊராட்சியும்: ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதையின் வங்க வடிவம் – ஒரு திறனாய்வு

1. முன்னுரை

கவிதை, நாடகம், புதினம் ஆகியவற்றின் மொழிபெயர்ப்புகளை ஆராய்ந்த அளவிற்கு நாம் சித்திரக்கதை மொழிபெயர்ப்பை ஆராய்ந்தோமில்லை. சிறுவர்க்குரியது என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயின், மொழிபெயர்ப்பாளரை மிகுதியாகக் கட்டுப்படுத்தும் வடிவங்களுள் இதுவும் ஒன்று. படத்தை மாற்ற இயலாது, பேச்சுக் குமிழின் அளவை மீற இயலாது, அடிக்குறிப்புக்கு இடமில்லை. இக்கட்டுப்பாடுகளுக்குள் நின்று ஒரு மொழி எதைக் காக்கிறது, எதை இழக்கிறது என்று காண்பது மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒருங்கே பயன்தரும்.

கொல்கத்தாவின் கல்லூரித் தெருப் புத்தகக் கடைகளை அறிந்தவர்கள் ஆனந்த பப்ளிஷர்ஸ் வெளியிட்ட ஆஸ்டெரிக்ஸ் வங்க நூல்களைக் கண்டிருப்பர். ரெனே கோசினி (1926–1977) எழுத, ஆல்பேர் உதேர்சோ (1927–2020) வரைய, 1959 அக்டோபரில் 'பிலோத்' என்னும் பிரெஞ்சு இதழில் தொடங்கிய தொடர் இது. காலம் கி.மு. 50. உரோமர் காலியா நாடு முழுவதையும் வென்றுவிட்டனர்; கடலோரச் சிற்றூர் ஒன்று மட்டும் பணியவில்லை. நான்கு படைமுகாம்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. ஊருக்குத் தலைவர் ஒருவர், மருந்து காய்ச்சும் பூசாரி ஒருவர், பாணர் ஒருவர், கொல்லர், மீன் விற்பவர் எனத் தன்னளவில் நிறைவுற்றுத் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் ஊர் அது. இவ்வூரின் தன்னாட்சி அதன் மக்கட்பெயர்களின் அமைப்பிலேயே பதிந்துள்ளது என்பதும், எனவே பெயர்களை மொழிபெயர்க்கும் முறையே இத்தொடரின் மொழிபெயர்ப்பை மதிப்பிடத் தக்க அளவுகோல் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

2. ஈறு காட்டும் எல்லை

இவ்வூர் ஆடவர் பெயர்கள் அனைத்தும் 'இக்ஸ்' என முடிகின்றன. உரோமர் பெயர்கள் 'உஸ்' என முடிகின்றன. கோத்தியர்க்கு 'இக்', எகிப்தியர்க்கு 'இஸ்', பிரித்தானியர்க்கு 'ஆக்ஸ்'. உரோம முகாம்களின் பெயர்கள் 'உம்' என்னும் ஈற்றைக் கொள்கின்றன. ஒரு பெயரின் ஈற்றசையைக் கண்ட அளவிலேயே அவர் எவ்வினத்தார் என்பதைச் சிறுவனும் அறிவான். பகுதி நகைச்சுவைக்கும் விகுதி இன அடையாளத்திற்கும் உரியவை எனலாம்.

இவ்விகுதி வெறும் கற்பனையன்று. சீசரை எதிர்த்த வெர்சிஞ்செதோரிக்ஸ் போன்ற வரலாற்றுப் பெயர்களே இதற்கு முன்மாதிரி. அப்பெயர்களில் வரும் 'ரிக்ஸ்' அரசன் என்னும் பொருளுடையது. இலத்தீன 'ரெக்ஸ்', வடமொழி 'ராஜன்' ஆகியவற்றோடு உறவுடையது. அரசனுக்குரிய ஈற்றின் சாயலைக் கொல்லனும் மீன்காரனும் கல் சுமப்பவனும் ஒருங்கே தாங்குகின்றனர். கேடயத்தின்மீது தூக்கிச் செல்லப்படும் தலைவர் அடிக்கடி கீழே விழுவதும், யாரும் யாரையும் எதிர்த்துப் பேசுவதும் இந்தச் சமன்மையோடு ஒத்துப்போகின்றன. எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருப்பதற்கில்லை. இவ்வூர்ப் பெண்டிர் இவ்விகுதியைப் பெறுவதில்லை. தலைவரின் மனைவி பிரெஞ்சில் 'போன்மீன்'. ஈறு வரையும் எல்லை ஆடவரை மட்டுமே உள்ளடக்குகிறது.

3. இடுகுறியிலிருந்து காரணத்திற்கு

பிரெஞ்சு மூலத்தில் பாணரின் பெயர் 'அசுரான்ஸ்தூரிக்ஸ்'. எல்லா இழப்புகளுக்குமான முழுக்காப்பீடு என்பதைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியே இது. மீன் விற்பவர் 'ஓர்த்ரால்ஃபபேதிக்ஸ்', அதாவது அகரவரிசை. தலைவர் 'அப்ராராகுர்சிக்ஸ்', கண்மண் தெரியாமல் அடிப்பதைக் குறிக்கும் மரபுத்தொடர் அதில் ஒளிந்துள்ளது. பூசாரி 'பனோராமிக்ஸ்'. பாட்டுக்கும் காப்பீட்டுக்கும், மீனுக்கும் அகரவரிசைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நம் இலக்கணக் கலைச்சொல்லால் கூறின், இவை பெரும்பாலும் இடுகுறித் தன்மையன. இக்கால அலுவலகத்தின் ஆயத்தத் தொடர்கள் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஊரில் மனிதப் பெயர்களாய் உலவுவதே இங்கு நகைக்கு அடிப்படை. அத்தொடர்களைக் கேட்ட பிரெஞ்சு வாசகர் அவ்வூரில் தம் நாட்டையே காண்பர்.

ஆந்தியா பெல் (1936–2018), டெரிக் ஹாக்ரிட்ஜ் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1969-இல் வெளிவரத் தொடங்கியது. அதில் பாணர் 'ககோஃபோனிக்ஸ்' ஆனார். அபசுரம் என்பது பொருள். மீன் விற்பவர் 'அன்ஹைஜீனிக்ஸ்'. சுகாதாரக்கேடு என்பது பொருள். தலைவர் 'வைட்டல்ஸ்டாட்டிஸ்டிக்ஸ்', உடலளவுகளைச் சுட்டும் தொடர் அது. பூசாரி 'கெட்டஃபிக்ஸ்'. பெயர்க்கும் பெயர்பெற்றவர்க்கும் இடையே புதிதாக ஓர் உறவு தோன்றிவிட்டது. இடுகுறிப் பெயர்கள் காரணப் பெயர்களாயின. ஆங்கில வடிவம் திறன் மிக்கது என்பதில் ஐயமில்லை. ஆயின் அது மூலத்தின் நகைச்சுவையை வேறொரு வகைக்கு மாற்றிவிட்டது என்பதும் உண்மை.

4. வங்க வடிவத்தின் வழிமரபு

வங்க வடிவத்தில் பூசாரியின் பெயர் 'ஏட்டாஷேட்டாமிக்ஸ்', தலைவர் 'பிஷாலாக்ரிதிக்ஸ்', பாணர் 'கொலொரொபிக்ஸ்'. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், பொதுவான பாடவேறுபாடுகளைக் கொண்டு எச்சுவடி எதன் வழிவந்தது எனத் துணிவர். அம்முறையை இங்கும் பயன்படுத்தலாம். 'பிஷாலாக்ரிதி' என்பது பேருருவம். பிரெஞ்சுப் பெயரின் அடிதடிப் பொருளுக்கு அது தொலைவிலும், ஆங்கிலப் பெயரின் உடலளவுப் பொருளுக்கு அண்மையிலும் உள்ளது. 'கொலொரொப்' என்பது கலரவம் என்னும் வடசொல்லின் வங்க ஒலிப்பு. ஆரவாரம் என்பது பொருள். காப்பீட்டின் நிழல்கூட அதில் இல்லை. ஆங்கில அபசுரமே உள்ளது. 'கெட்டஃபிக்ஸ்' என்பதன் நடுவேயுள்ள 'எட்டா' என்னும் ஒலி 'ஏட்டாஷேட்டா' என வங்கச் சொல்லாய்க் கேட்கிறது. எனவே வங்கப் பெயர்கள் ஆங்கிலக் கிளையின் வழிவந்தவை எனத் துணியலாம். பெயரைக் காரணப்பெயராக்கும் போக்கும் அங்கிருந்தே வந்தது.

வழிநூல் என்பதால் இவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. மூன்று சிறப்புகள் ஈண்டுக் கருதத்தக்கன. முதலாவது, சொல்லடுக்கு. 'ஏட்டா ஷேட்டா' என்பது 'இது அது' என்னும் அன்றாடப் பேச்சு. அதனோடு 'மிக்ஸ்' என்னும் ஆங்கிலக் கடன்சொல் இணைகிறது. ஊரார் பெரிதும் மதிக்கும் பூசாரிக்குச் சமையலறைச் சொல்லும், அடிக்கடி விழும் தலைவர்க்கு வடசொற் பெருமிதமும் வாய்த்துள்ளன. தகுதியும் சொல்லடுக்கும் தலைகீழாகும் இந்த அங்கதம் வங்க மொழியின் சொற்றொகுதிப் பிரிவினையிலிருந்து பிறந்தது, ஆங்கிலத்தில் இல்லாதது.

இரண்டாவது, பொருளின் இருமை. கலரவம் வடமொழியில் மெல்லிய இனிய ஒலியைக் குறிக்கும். வங்க வழக்கில் இரைச்சலையும் குறிக்கும். பாணர் தம் பாடலை முதற்பொருளிலும், ஊரார் இரண்டாம் பொருளிலும் கேட்கின்றனர். அவரைக் கட்டிப்போட்டுவிட்டு ஊரார் விருந்துண்ணும் இறுதிக் காட்சியின் முழுச் சண்டையும் இவ்வொரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இவ்விடத்தில் வங்கப் பெயர் ஆங்கிலப் பெயரை விஞ்சுகிறது என்பது என் துணிபு.

மூன்றாவது, புணர்ச்சி. 'ஆக்ரிதி' என்னும் இகர ஈற்றுச் சொல்லோடு 'இக்ஸ்' சேரும்போது இகரம் ஒன்றில் ஒன்று கரைந்து பொருத்துவாய் தெரியாமல் போகிறது. பகுதி வங்கம், விகுதி காலியம்; இரண்டும் ஓருடலாய் நிற்கின்றன.

இத்திறன் திடீரெனத் தோன்றியதன்று. வாத்தையும் முள்ளம்பன்றியையும் ஒரு சொல்லாகப் பிணைத்த சுகுமார் ராயின் (1887–1923) சொல்விளையாட்டில் வங்கச் சிறுவர்கள் நூறாண்டாய்ப் பயின்றவர்கள். 1975-இல் தொடங்கிய 'ஆனந்தமேளா' சிறுவர் இதழில் கவிஞர் நீரேந்திரநாத் சக்கரவர்த்தி (1924–2018) டின்டின் கதைகளை மொழிபெயர்த்தபோது, பிரெஞ்சில் 'மிலு' எனவும் ஆங்கிலத்தில் 'ஸ்னோயி' எனவும் வழங்கிய நாய்க்குக் 'குட்டுஷ்' எனப் பெயரிட்டார். நறுக்கெனக் கடிக்கும் வங்க ஒலிக்குறிப்பை அடியொற்றிய பெயர் அது. பெயரை மொழிபெயர்க்கும் உரிமை மொழிபெயர்ப்பாளர்க்கு உண்டு என்பதைக் கொல்கத்தா வாசகர் முன்னரே ஏற்றிருந்தனர்.

5. தமிழ் எதிர்கொள்ளும் சிக்கல்கள்

தமிழ்ச் சித்திரக்கதை மரபில் இருவகைப் போக்குகள் உள்ளன. 1970களில் முத்து காமிக்ஸ் வழிப் புகழ்பெற்ற 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயர் முழுமையான மறுபடைப்பு. லயன் காமிக்ஸ் வழி வந்த லக்கி லூக், டெக்ஸ் வில்லர் முதலியோர் ஒலிபெயர்ப்பாகவே வந்தனர். லக்கி லூக்கின் குதிரையும் ஜாலி ஜம்பராகவே வந்தது. துப்பறிவோர்க்கும் குதிரைவீரர்க்கும் ஒலிபெயர்ப்புப் போதும். ஆனால் லக்கி லூக் கதைகள் பலவற்றை எழுதிய அதே கோசினியின் காலிய ஊருக்கு அது போதாது. 'ககோஃபோனிக்ஸ்' எனத் தமிழெழுத்தில் எழுதினால் ஈறு எஞ்சும், நகை மறையும்.

இனி, ஈற்றைத் தமிழாக்கலாமா? மொழிக்கு ஈறாகும் எழுத்துகள் இருபத்து நான்கு என நன்னூல் வரையறுக்கிறது. வல்லின மெய் அவற்றுள் இல்லை, ஸகர மெய் தமிழெழுத்தே அன்று. பேச்சுத் தமிழும் 'பாக்ஸ்' என்பதைப் 'பாக்ஸு' என உகரம் கூட்டியே ஏற்கும். எனவே 'அன்', 'ஆர்' போன்ற விகுதிகளை நாடத் தோன்றும். அங்குதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. 'அன்' ஒருமையில் தாழ்த்தும். 'ஆர்' பன்மையில் உயர்த்தும். இரண்டையும் கலந்தால் ஊரில் இல்லாத படிநிலை புகுந்துவிடும். ஊரார் அனைவர்க்கும் பொதுவான ஒரு தமிழ்ப் பின்னொட்டை இட்டாலோ, அது சாதிப் பட்டமாகவே ஒலிக்கும். பெயருக்குப்பின் வரும் பட்டத்தை நீக்கித் தலைப்பெழுத்தை மட்டும் கொள்ளத் தமிழ்ச் சமூகம் ஒரு நூற்றாண்டு போராடியது. அப்பட்டத்தை மொழிபெயர்ப்பின் வழியே சிறுவர் கைக்கு மீண்டும் கொடுத்தல் தகாது. ஆகவே இலக்கணம் விலக்கும் 'இக்ஸ்' என்னும் அயல் ஈறே இங்குப் பொருத்தமானது. எச்சாதிக்கும் எத்தகுதிக்கும் உரியதல்லாமையே அதன் சிறப்பு.

அடுத்தது முன்னிலை. மூலத்தில் ஊரார் ஒருவரையொருவர் 'த்யூ' என ஒருமையிலேயே விளிக்கின்றனர். ஆங்கிலம் 'யூ' என்னும் ஒரே சொல்லால் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும் வங்கர் 'துயி', 'துமி', 'ஆப்னி' என்னும் மூன்றனுள் ஒன்றையும், தமிழர் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்பவற்றுள் ஒன்றையும் குமிழுக்குக் குமிழ் தேர்ந்தாக வேண்டும். வினைமுற்றும் உடன் மாறும். பழக்கத்தால் தலைவர்க்கு 'நீங்கள்', மீன்காரர்க்கு 'நீ' என எழுதினால், மூலத்தின் சமன்மை ஒரு சொல்லும் மாறாதது போலத் தோன்றியே மறைந்துவிடும். நெல்லை வட்டாரத்தில் ஒத்தோரிடை வழங்கும் 'நீர்' இதற்கு ஒரு வழியாகலாம். முதியவரைத் 'தாத்தா' என்றும் மூத்தாரை 'அண்ணே' என்றும் முறைசொல்லி அழைத்தல் மற்றொரு வழி. எதைத் தேர்ந்தாலும் ஊர் முழுவதற்கும் ஒரே நெறியைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

பகுதிக்கு வருவோம். வங்க நெறியைப் பின்பற்றின், பூசாரி 'கஷாயமிக்ஸ்' ஆகலாம்; மகர மெய்யில் கஷாயமும் மிக்ஸும் ஒன்றிவிடுகின்றன. மீன் விற்பவர் 'நாற்றமிக்ஸ்' ஆகலாம். பண்டு நறுமணத்தையும் இன்று தீநாற்றத்தையும் குறிக்கும் அச்சொல்லில், விற்பவர் பழம்பொருளையும் வாங்குவோர் புதுப்பொருளையும் கொண்டு சண்டையிடலாம். கலரவத்தின் இருமைக்கு ஈடான இருமை தமிழிலும் உண்டு என்பதற்கு இது சான்று.

ஆயின் இவையும் காரணப் பெயர்களே. மூலத்தின் இடுகுறி நகையை நாடுவோர் ஆங்கிலத்தைக் கடந்து பிரெஞ்சுக்குச் செல்ல வேண்டும். நம் அலுவலகத் தமிழில் ஆயத்தத் தொடர்களுக்குப் பஞ்சமில்லை. 'அகரவரிசிக்ஸ்' என்பது பிரெஞ்சு மீன்காரரின் நேர் மொழிபெயர்ப்பாகவே அமைந்துவிடும். அரிசியும் உடன் கேட்கும். தலைவர்க்கு 'வரிபாக்கிக்ஸ்' எனப் பெயரிட்டுப் பார்க்கலாம். வருவாய்த்துறை அறிவிப்பில் காணும் தொடர் அது. இகர ஈறு ஆதலின் பொருத்துவாயும் தெரியாது. உரோமுக்கு ஒரு காசும் செலுத்தாத ஊரின் தலைவர்க்கு இடுகுறியே காரணமும் ஆகிவிடுகிறது. திறை மறுத்த பாளையக்காரர் கதைகளைக் கேட்டு வளர்ந்த வாசகர்க்கு அப்பெயரை விளக்க அடிக்குறிப்பு வேண்டுவதில்லை.

6. முடிவுரை

இவ்வூரைக் காப்பது பூசாரியின் மருந்து எனக் கதை கூறுகிறது. மொழியியல் நோக்கில் அதனைக் காப்பவை ஓர் ஈறும் ஒரு முன்னிலைச் சொல்லும் ஆகும். ஈறு அயலாரை வேறு பிரிக்கிறது. முன்னிலை உள்ளாரைச் சமன் செய்கிறது. வங்க வடிவம் ஈற்றைப் போற்றிப் பகுதியைத் தன் மொழியிலிருந்தே ஆக்கிக்கொண்டது. ஆங்கிலத்தின் வழியே சென்றமையால் இடுகுறி நகையை இழந்தது. இத்தொடரைத் தமிழில் பெயர்க்கப் புகுவோர் வங்கத்தின் துணிவை ஏற்று, அதன் வழித்தடத்தைக் கடந்து மூலத்தை அடைதல் வேண்டும். முதல் குமிழை எழுதுமுன் ஊராரின் பெயர்ப்பட்டியலை முழுமையாக வகுத்துக்கொள்வதும், யார் யாரை எவ்வாறு விளிப்பர் என்பதை அட்டவணைப்படுத்திக்கொள்வதும் அதற்கு முதற்படியாகும்.