உயிர்ப்பின் முத்திரையும் குழந்தையின் படமும்

வேதவசனம் ஒன்றின் மூலச்சொல்லைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடும் நாம், ஆலய வாசலில் ஒட்டப்பட்டுள்ள காணிக்கைச் சுவரொட்டியை வாசிக்காமலே கடந்து செல்கிறோம். ஆயினும் நமது பிரசங்கங்களைவிட அத்தகைய தாள்களே சபையாருக்கு மிகுதியான இறையியலைக் கற்பித்துவருகின்றன என்பது என் துணிபு. ஆகவே அத்தாள்களுள் ஒன்றை, கிறிஸ்தவத் திருநாளின் பெயரையே தாங்கி வந்த ஒன்றை, ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து எலீரியா நகரில் எட்கர் ஆலன் என்னும் வணிகர் வாழ்ந்தார். 1907-இல் டிராம் வண்டி விபத்தொன்றில் தம் மகனை இழந்தார். போதிய மருத்துவ வசதி ஊரில் இல்லாததை உணர்ந்து, பணம் திரட்டி மருத்துவமனை எழும்பச் செய்தார். உடற்குறையுள்ள பிள்ளைகள் வீடுகளுக்குள் மறைத்து வைக்கப்படுவதை அதன்பின் கண்டு, 1919-இல் அவர்களுக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் 1934-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் வெளியிட்டதே ‘ஈஸ்டர் சீல்’ என்னும் முத்திரை. நாம் அறிந்த காசநோய் முத்திரையைப் போன்று, கடிதங்களில் ஒட்டும் சிறு தாள் அது. 1952-இல் லீலி மலர் அதன் சின்னமாயிற்று. 1967-இல் முத்திரையின் பெயரே சங்கத்தின் பெயருமாயிற்று. பச்சிளம் பருவத்திலேயே வளர்ச்சித் தாமதம் காணப்படும் குழந்தைகளுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் பணிபுரிவது இன்று அதன் ஊழியங்களுள் ஒன்று.

இந்த ஊழியத்தை நாம் குறைகூறவில்லை. அனைவருக்குமான அரசு மருத்துவ ஏற்பாடு இல்லாத நாட்டில், இத்தகைய சங்கங்கள் இல்லையேல் பல குடும்பங்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் கிட்டியிரா. வினா வேறு. உயிர்ப்பின் திருநாளுக்கும் பணப்பைக்கும் இடையே அவர்கள் எதை நிறுத்தினார்கள்? ஒரு குழந்தையின் படத்தை நிறுத்தினார்கள். ஊன்றுகோலும் கால்தாங்கியுமாய்ச் சிரிக்கும் ‘சுவரொட்டிக் குழந்தை’ அக்காலத்தில் உருவான மரபு. பின்னர்த் தொலைக்காட்சியில் நெடுநேர நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் அம்மரபைப் பெருக்கின. இவற்றின் வரலாற்றை எழுதிய பால் லாங்மோர் சிறுவயதில் போலியோவால் தாக்குண்டவர்; அவர் மறைவுக்குப்பின் 2016-இல் அந்நூல் வெளிவந்தது. கொடுப்போர் தங்களை நல்லோராகக் கண்டு மகிழ்வதற்கே அம்மேடைகள் பெரிதும் உதவின என அவர் காட்டுகிறார். தசைநலிவு நோய்க்கான சங்கத்தின் படங்களில் ஒருகாலத்தில் சிரித்தவர்களுள் சிலர், வளர்ந்தபின் 1990-களில் அச்சங்கத்தின் நிகழ்ச்சியை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள்.

படம் இரண்டையே கூறவல்லது: பரிதாபம் அல்லது வெற்றி. வளர்ச்சித் தாமதமோ இவ்விரண்டிலும் அடங்காது. தலை நிற்க வேண்டிய மாதத்தில் நிற்பதில்லை. குப்புற விழ வேண்டிய காலத்தில் விழுவதில்லை. அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. பயிற்சியாளர் வாரந்தோறும் வருவார். அவர் கற்பித்ததைத் தாய் நாள்தோறும் குளிப்பாட்டுகையிலும் உணவூட்டுகையிலும் செய்வாள். பல மாதங்களுக்குப்பின் குழந்தை சற்று நேரம் தாங்கலின்றி உட்காரும். இதை எந்தப் புகைப்படக்காரர் எடுப்பார்? பேருந்துக் கட்டணமும், தாய் இழந்த கூலியும், பயிற்சியாளரின் சம்பளமும் சுவரொட்டிக்கு உதவா. ஆனால் பணம் தேவைப்படுவது அவற்றிற்கே. அதுவும் திருநாளுக்கு ஒருமுறையன்று, வாரந்தோறும்.

லீலி மலருக்கருகே ஊன்றுகோலை வைக்கும்போது, ஊன்றுகோல் ஒழிவதே உயிர்ப்பு என்னும் போதனை சொல்லாமலே சொல்லப்படுகிறது. நடவாத பிள்ளைக்கு அப்போது உயிர்ப்பில் பங்கென்ன? உயிர்த்தெழுந்த ஆண்டவர் காயப்பட்ட கைகளையும் கால்களையுமே சீஷருக்குக் காண்பித்தார் என்பதை நான்சி ஐஸ்லண்டு அம்மையார் 1994-இல் வெளியிட்ட தம் நூலில் வற்புறுத்தினார். நம் மாணவர் அதனைத் தேடிப் படித்தல் நன்று.

உயிர்ப்பையும் காணிக்கையையும் இணைத்தது பிழையன்று. பவுலடியாரே இணைத்துள்ளார். கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 15-ஆம் அதிகாரம் முழுதும் உயிர்த்தெழுதல்; 16-ஆம் அதிகாரத்தின் முதலடியிலேயே எருசலேம் ஏழைகளுக்கான தருமப்பணம். அதையும் வாரத்தின் முதல் நாள்தோறும், அதாவது ஆண்டவர் எழுந்த நாள்தோறும், அவரவர் சேர்த்து வைக்கும்படி சொல்கிறார். இரண்டாம் நிருபத்தின் 8, 9 அதிகாரங்களைத் தேடிப் பாருங்கள்: எருசலேம் ஏழையின் முகம் ஒன்றேனும் வரையப்படவில்லை. அங்கே விரிவாய்ப் பேசப்படும் வறுமை கொடுப்போராகிய மக்கெதோனியரின் வறுமையே! இரக்கத்தைக் கிளறும் சொற்களுக்கு மாறாக, கிறிஸ்து நமக்காகத் தரித்திரரானதையும், மன்னாவைப் போன்ற சமநிலையையும் அவர் காட்டுகிறார். ரோமருக்கு எழுதுகையில் அதனைக் கடன் என்றே கூறுகிறார். பணத்தைக் கொண்டுசெல்லச் சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவரைத் துணைசேர்த்துக் கொள்வதும் அவ்வதிகாரங்களிலேயே உண்டு.

இது நமக்கு அயல்நாட்டுக் கதையன்று. சிறப்புக் காணிக்கை ஞாயிறன்று வேறோர் ஊர்க் குழந்தையின் படத்தைப் பீடத்தருகே வைத்து நாம் உருகிப் பேசும்போது, அத்தகைய பிள்ளையை மடியில் வைத்த தாய் நான்காம் வரிசையில் இருந்து கேட்கிறாள். தன் பிள்ளை சபையாரின் கண்ணீருக்குக் கருப்பொருள் என்று அவள் அறிந்துகொள்கிறாள். மறுவாரம் அவள் வராததற்குக் காரணம் பிள்ளையின் அழுகை என நாம் எண்ணிக்கொள்கிறோம். நம் நாட்டில் 2013-இல் தொடங்கிய சிறார் நலத்திட்டம் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறியத்தக்கவற்றுள் சேர்த்து, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு வழிவகுத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பேசுகிறது. அரசு உரிமை என்று எழுதிய பின்னும் பிரசங்க பீடம் பரிதாபம் என்று சொல்லிக்கொண்டிருப்பது விந்தை. அம்மையத்துக்குச் செல்லும் வழிச்செலவைத் தன் வாராந்தரக் கணக்கில் ஒரு வரியாக எழுதும் சபை, எவருடைய படத்தையும் மாட்ட வேண்டியதில்லை.

படமில்லையேல் பணம் வராது என்று பொருளாளர்கள் கூறுவர். அது வீண் அச்சமன்று. கொரிந்துவிலும் ஒரு வருஷத்துக்கு முன் தொடங்கிய சேகரிப்பு தளர்ந்து நின்றது. தீத்துவை அனுப்ப வேண்டியதாயிற்று. ஆயினும் ரோமர் 15-ஆம் அதிகாரத்தில், கொடுத்தவர்களின் வரிசையில் மக்கெதோனியாவுடன் அகாயாவின் பெயரும் இருக்கிறது.