உறுமியைக் கேட்ட செவி

தமிழ் ராப்பைப் பற்றி எழுதப் புகுவோர் சாகித்தியத்தையே சிலாகித்துவிட்டு, அதைத் தாங்கும் தாளத்தை அமைத்தவரின் பெயரைக்கூடச் சொல்லாமல் போவது இன்று ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. எம்.ஐ.ஏ. என்று உலகறிந்த மாதங்கி அருள்பிரகாசம் வெறும் குரலும் கோஷமுமே, அவருடைய இசையைச் சிருஷ்டித்தவர்கள் இசைத் தயாரிப்பாளர் டிப்ளோ போன்ற ஆடவர்களே என்னும் அபிப்பிராயமோ, 2007இல் அவரே அதைக் கண்டித்துப் பேசிய பின்னும் மறைந்தபாடில்லை.

ராப்பின் வேரே தாளந்தான்: 1973இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் விருந்துகளுக்கு இசைத்தட்டுப் போடத் தொடங்கிய கூல் ஹெர்க், பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில கணங்களை, ஒரே தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றிச் சுழலவிட்டு நீட்டினாரே, அந்த இன்பம் கோயில் வீதி மணலில் அமர்ந்து இரவெல்லாம் தவிற் சமா கேட்ட வடமராட்சியாருக்குப் புதிதன்று. தமிழ் ராப்பிலோ, மலேசியாவின் போயெட்டிக் அம்மோ குழுவில் வளர்ந்த யோகி பி, நட்சத்ரா குழுவுடன் 2006இல் தந்த 'வல்லவன்' தமிழ்ச் சொல்லுக்கு வேகம் தந்த கண்ணியமான முயற்சி. எனினும், அதன் புகழ்பெற்ற பாட்டு இளையராஜாவின் 'மடை திறந்து' மெட்டையே நம்பி நின்றது.

மாதங்கியின் வழி வேறு. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாகவே ஈழம் வந்து, யாழ்ப்பாணத்தில் பால்யத்தைக் கழித்து, 1986இல் அகதியாக லண்டன் மீண்ட அவர், இரவல் வாங்கிய ரோலண்ட் எம்.சி.505 என்னும் தாளப்பெட்டியில் தாமே பயின்று அமைத்த மாதிரிப் பாட்டுகளிலிருந்தே, தந்தையின் இயக்கப் பெயர் தாங்கிய 'அருளர்' 2005இல் உருவாயிற்று. தாயின் பெயர் பூண்ட 'கலா' 2007இல் வந்தபோது அவருடைய செவியின் பக்குவம் பூரணமாய்த் தெரிந்தது: ஒரு பக்கத் தோலை வளைகுச்சியால் உரச எழும் உறுமியின் முனகலைச் சென்னையில் பதிவுசெய்து, மேல்நாட்டுத் தாளத்துக்குப் பூச்சூட்டும் அலங்காரமாக அன்றி, 'பேர்ட் ஃப்ளூ'வுக்கும் 'பாய்ஸ்'க்கும் அஸ்திவாரமாகவே அவர் இட்டார். ஸ்விட்ச் என்னும் சகாவின் உழைப்பும், 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் டிப்ளோவின் பங்கும் மறுக்கத்தக்கன அல்ல. ஆனால் எந்த ஒலியை எங்கே தேடுவது என்று அறிந்த ஞானம் இரவலாகக் கிடைப்பதன்று.

ஆதலால், இன்று பருத்தித்துறையில் கணினி முன் அமர்ந்து தாளம் கட்டும் இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: அந்நிய நாட்டார் விற்கும் ஒலித்துணுக்குகளை விலைக்கு வாங்குமுன், நம் பறையையும் தவிலையும் அவற்றை வாசிக்கும் கலைஞர்களிடம் சென்று, உரிய மரியாதையும் சன்மானமும் தந்து, பதிவுசெய்து கொள்ளுங்கள்.