ஈரத்தை யார் அளப்பது?

ஒன்றிய அரசின் இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது தஞ்சாவூரில்தான். அரசமைப்பில் வேளாண்மை மாநிலப் பட்டியலிலும் உணவுப்பொருள் வணிகம் பொதுப் பட்டியலிலும் இருக்கின்றன. அந்தப் பிரிவினை சாகுபடியாளரை என்ன செய்கிறது என்பதை காவிரி டெல்டாவின் நெல் கொள்முதல் நிலையங்களில் பார்க்கலாம்.

முதலில் நன்மை. குறைந்தபட்ச ஆதரவு விலையை ஒன்றிய அரசு அறிவிக்கிறது. 2025-26இல் சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழ்நாடு 131 சேர்த்து 2,500 ஆக்கியது. இது இல்லையென்றால் அறுவடை நேரத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை. தில்லியின் கை வலுவாக இருப்பதால் வந்த பாதுகாப்பு இது. மாநில உரிமை பேசுவோர் இதை மறைக்கக் கூடாது.

சிக்கல் ஈரப்பதத்தில் தொடங்குகிறது. நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. குறுவை அறுவடை முடிவதற்குள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். 22 சதவீதம் வரை வாங்க அனுமதி கேட்டுச் சென்னையிலிருந்து தில்லிக்குக் கடிதம் போகும். அங்கிருந்து குழு வரும், மாதிரி எடுக்கும், ஆய்வகத்துக்கு அனுப்பும். 2022 அக்டோபரில் கிடைத்தது 19 சதவீதம். தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் நெல் இத்தனைக்கும் காத்திருக்காது, முளைத்துவிடும்.

வரம்பு தேவைதான். நூறு கிலோ நெல்லை அரைத்தால் 68 கிலோ புழுங்கலரிசி கணக்குக் காட்ட வேண்டும். ஈர நெல் எடை குறையும், கிடங்கில் கெடும். ஆனால் மாநிலமே வாங்கி விநியோகிக்கும் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் இந்த அரிசி தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கே போகிறது. கெட்டால் கெடுவது இங்குள்ளவர்களின் சோறு. அந்த ஆபத்தை எடைபோடும் பொறுப்பு இங்கே இல்லாமல் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே சமயம், தில்லிக்கு எழுதிய கடிதம் மாநில அரசின் குறைகளுக்குத் திரையாகவும் பயன்படுகிறது. சாக்குத் தட்டுப்பாடு, லாரி வராமல் தேங்கும் மூட்டைகள், கூரையில்லாத களங்கள், போதாத உலர்த்தும் இயந்திரங்கள் ஆகியவற்றைச் சரிசெய்ய எந்த அனுமதியும் வேண்டியதில்லை. கொள்முதல் நிலையங்களை நடத்தும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972 முதல் மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது.

விலையும் பொது வரம்பும் ஒன்றிய அரசிடமே இருக்கட்டும். அறுவடைக் காலத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மழை பதிவானால், அந்த மாவட்டத்தில் 22 சதவீதம் வரை வாங்க ஆட்சியரே உத்தரவிடலாம் என்று கொள்முதல் விதிகளில் சேர்க்க வேண்டும். எடை இழப்பின் செலவை மாநிலம் ஏற்க வேண்டும். இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. அடுத்த குறுவைக்கு முன்பே செய்துவிடலாம்.