முடிவு ஆண்டு தப்பிய மதிப்பீடு

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், அட்லாண்டிக் அவென்யூவை ஒட்டி, தெருமட்டத்துக்குக் கீழே ஒரு ரயில் யார்டு இருக்கிறது. அதன்மேல் தளம் போட்டு, பக்கத்து மனைகளையும் சேர்த்து 22 ஏக்கரில் ஒரு விளையாட்டரங்கமும் 16 அடுக்குமாடிக் கட்டடங்களும் எழுப்புவதுதான் 2003இல் அறிவிக்கப்பட்ட அட்லாண்டிக் யார்ட்ஸ் திட்டம். 6,430 வீடுகள் கட்டுவதாகவும், அவற்றில் 2,250 வீடுகளை எளிய, நடுத்தர வருமானக்காரர்கள் தாங்கும் வாடகைக்கு விடுவதாகவும் வாக்குக் கொடுத்தார்கள்.

2006 நவம்பரில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை முடிந்தது. போக்குவரத்து நெரிசல், கட்டடங்களின் நிழல், இரைச்சல், கழிவுநீர், பள்ளிக்கூட இடவசதி எல்லாவற்றையும் அது அலசியது. நியூயார்க் மாநிலத்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது: தீங்கை ஆராய வேண்டும், வெளியிட வேண்டும், இயன்றவரை குறைக்க வேண்டும். அறிக்கையை யாரும் படிக்கலாம், கருத்துச் சொல்லலாம், குறை இருந்தால் நீதிமன்றம் போகலாம். இந்த நடைமுறையின் உண்மையான பலம் இதுதான். அந்த அறிக்கை இல்லாமல் போயிருந்தால், குடியிருப்பாளர்கள் வழக்காடப் பிடிமானமே இருந்திருக்காது.

ஆனால் அறிக்கையின் கணக்குகள் எல்லாம் ஓர் அனுமானத்தின்மேல் நின்றன: பத்தே ஆண்டுகளில், 2016க்குள், திட்டத்தின் இரண்டு கட்டங்களும் முடிந்துவிடும்.

2008இல் நிதி நெருக்கடி வந்தது. மறு ஆண்டே கட்டுமான நிறுவனம் தன் ஒப்பந்தங்களைத் தளர்த்திக்கொண்டது. யார்டின் மேலுள்ள கட்டட உரிமைக்குப் பல ஆண்டுத் தவணையில் பணம் கட்டலாம் என்றானது. முழுத் திட்டத்துக்குமான இறுதிக்கெடு 25 ஆண்டு, அதாவது 2035 வரை நீண்டது. ஆனாலும் மாநில அமைப்பான எம்பயர் ஸ்டேட் டெவலப்மெண்ட், பத்து ஆண்டு என்ற கணக்கையே பிடித்துக்கொண்டு, துணை மதிப்பீடு தேவையில்லை என்று முடிவு செய்தது. குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இரண்டாம் கட்டத்துக்குத் துணை மதிப்பீடு செய்ய வேண்டும் என்று 2011 ஜூலையில் நீதிபதி மார்சி ஃப்ரீட்மன் உத்தரவிட்டார். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

பதினைந்து ஆண்டு கூடினால் அப்படி என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். கட்டுமானக் காலத்துத் தூசியையும் இரைச்சலையும் மதிப்பீடுகள் தற்காலிகத் தொல்லை என்றே எடைபோடுகின்றன. பத்து ஆண்டுக்கே அந்தச் சொல் பொருந்துமா என்பது எனக்குச் சந்தேகம். 25 ஆண்டு என்றால், திட்ட மனையை ஒட்டிய டீன் தெருவில் பிறக்கும் ஒரு குழந்தை படித்து முடித்து வேலைக்குப் போகும்வரை வாசலில் லாரி நிற்கும். வாக்களித்த எட்டு ஏக்கர் திறந்தவெளியின் கதை இதைவிட மோசம். அது இரண்டாம் கட்டத்தில் வைக்கப்பட்டது. கூட்டமும் வண்டிகளும் முதல் கட்டத்திலேயே வந்துவிடும். அவற்றுக்கு ஈடான புல்வெளியும் மரநிழலும் பின்னால்தான் வரும். பின்கட்டம் தள்ளிப்போனால் பரிகாரமும் சேர்ந்தே தள்ளிப்போகிறது. கட்டம் கட்டமாக எழும் எந்த நகரத் திட்டத்திலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: தீங்கு எந்தக் கட்டத்தில், பரிகாரம் எந்தக் கட்டத்தில்?

இன்னொரு கோளாறு அமைப்பிலேயே இருக்கிறது. திட்டத்தை முன்னின்று நடத்துவதும் அதன் தீங்கை மதிப்பிடுவதும் ஒரே மாநில அமைப்பு. நீதிமன்றமோ அந்த அமைப்பு ஊன்றிப் பார்த்ததா, முடிவுக்கு நியாயமான அடிப்படை உண்டா என்று மட்டுமே கேட்கும். அந்தக் கேள்விக்குக்கூட விடை தாமதமாகத்தான் வந்தது. 2012 செப்டம்பரிலேயே திட்டத்தின் விளையாட்டரங்கமான பார்க்லேஸ் சென்டர் திறந்தாயிற்று. துணை மதிப்பீடு முடிந்தது 2014 ஜூனில்.

வழக்கு வீண் என்று சொல்ல மாட்டேன். அதே 2014இல், குறைந்த வாடகை வீடுகளை 2025 மே மாதத்துக்குள் முடிக்க வேண்டும், தவறினால் வீட்டுக்கு மாதம் 2,000 டாலர் அபராதம் என்று குடியிருப்பாளர் அமைப்புகள் உடன்பாடு பெற்றன. கெடு வந்தபோது 876 வீடுகள் பாக்கி. யார்டின்மேல் தளம்கூட எழவில்லை. அரசு அப்போது அபராதத்தை வசூலிக்கவில்லை.

ஒவ்வொரு கட்டத்துக்கும் மறுமதிப்பீடு கேட்டால் கடன் தருபவர்கள் பின்வாங்குவார்கள், வீடு தேவைப்படும் ஊரில் எதிர்ப்பாளர்களுக்குத் தடைபோட வழி கிடைக்கும் என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. அதற்காக முழு அறிக்கையையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. காலம் மாற்றக்கூடிய அத்தியாயங்களை, அதாவது இரைச்சல், போக்குவரத்து, திறந்தவெளி, பள்ளி ஆகியவற்றை மட்டும் புதுப்பித்தால் போதும். அனுமானித்த முடிவு ஆண்டு கடந்ததுமே அவை காலாவதியாகிவிட வேண்டும். அந்தப் புதுப்பிப்பைச் சரிபார்ப்பது திட்டத்தில் பங்கில்லாத வேறொரு அமைப்பாக இருக்க வேண்டும்.

மிச்ச மனைகளில் கட்ட 2025இல் புதிய நிறுவனங்கள் வந்திருக்கின்றன. அவற்றோடு பேசும் இடத்தில் இப்போதும் எம்பயர் ஸ்டேட் டெவலப்மெண்டே இருக்கிறது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, திறந்தவெளியை முதல் கட்டடத்தோடு முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும், அபராதத்தை யார், எந்தத் தேதியில் வசூலிப்பார் என்பதையும் அதில் எழுதிவிட வேண்டும்.