கையில்லாத கையெழுத்து

தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸில் போகும்போது பலகைகளைப் படிக்கிறோம், எழுத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தால் ஒன்று தெரியும். துணிக்கடை, காபிக்கடை, அடுக்ககத் திட்டம், கல்யாண பேனர் என்று எங்கும் கையால் எழுதினாற்போல் சுழித்து, வால் நீண்ட எழுத்துரு. ஒரே பலகையில் மூன்று 'க' இருந்தால் மூன்றும் ஒரே அச்சு. எந்தக் கையும் அப்படி எழுதாது. அப்ப இது யாரு கை?

கை இருந்த காலம் தூரத்தில் இல்லை. சுவருக்குச் சுண்ணாம்படித்து, நூல் பிடித்துக் கோடு போட்டு, வெளிக்கோடு இழுத்து, நிறம் நிரப்பி, ஒரு பக்கமாக நிழல் கொடுத்த பெயிண்டர்கள் இருந்தார்கள். வரிக் கடைசியில் இடம் பத்தாமல் எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும். மூலையில் பொடியாக ஒரு பெயர், பக்கத்தில் 'ஆர்ட்ஸ்'. 2000களில் ஃப்ளெக்ஸ் பரவியபோது அந்தக் கை வேலையிழந்தது. கை போன பிறகுதான் கையின் சாயலுக்குச் சந்தையில் விலை ஏறுகிறது. உழைப்பை நீக்கிவிட்டு அதன் தடத்தை மட்டும் அலங்காரமாக விற்பது என்பதே இந்தக் குறிப்பானின் அரசியல்.

ஆனால் ஏக்கம் வாதமாகாது. பெயிண்டர் காசு கொடுத்த கட்சியும் சாதிச் சங்கமும் சொன்னதைத்தான் எழுதினார். எழுத்துருவுக்குப் பின்னாலும் ஒரு கை உண்டு. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த, சாய்ந்த கையெழுத்துச் சாயலுள்ள 'கவிவாணர்' கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாக, அவர் பெயரோடு கிடைக்கிறது. ராத்திரி பத்து மணிக்குத் துண்டறிக்கை தயாரிக்கிற தோழருக்கு அது உதவத்தான் செய்யும். எனவே நம் கேள்வி வேறு: எந்தக் கை எழுத்துருவாக அனுமதிக்கப்படுகிறது?

பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் தொடங்கிவைத்த சீர்திருத்தத்தை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது, 13 எழுத்துகள் மாறின. அச்சுக்கோப்பை எளிதாக்கிய முற்போக்கான காரியம், ஐயமில்லை. ஆனாலும் பெரியவர்களின் கடிதங்களில் துதிக்கை வைத்த 'லை'யும் 'னை'யும் பல ஆண்டுகள் உயிரோடிருந்தன. இன்று யூனிகோடு எழுத்துருக்களில் இயல்பாக விழுவது புதிய வடிவமே. ஆக, 'கையெழுத்து' என்று நமக்குக் கிடைப்பது அச்சின் ஒழுங்கு முன்கூட்டியே திருத்திவைத்த கை. அவசரமும் அடித்தல் திருத்தலும் அதில் இல்லை. பாட்டியின் 'லை'யும் இல்லை.

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், கட்சிப் பிரமுகர் வீட்டுக் கல்யாண பேனர் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் சரிந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் இறந்தார். அலங்காரத்துக்கு எடையில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அதைத் தாங்கும் சட்டத்துக்கு எடையுண்டு. அதை நடுரோட்டில் நிறுத்துகிற அதிகாரத்துக்கு இன்னும் எடையுண்டு. சுவரில் எழுதிய எழுத்து யார் தலையிலும் சரிந்து விழாது.

நம் பத்திரிகை அட்டைகளும் கூட்ட நோட்டீசுகளும் நெருக்கம் காட்ட இதே சுழிகளைத்தான் தேடுகின்றன. அடுத்த கூட்டத்துக்கு, வேலையில்லாமல் இருக்கிற பெயிண்டர் ஒருவரைக் கூப்பிட்டுத் தட்டி எழுதச் சொல்வோம். உரிய கூலி கொடுப்போம். மூலையில் அவர் பெயர் இருக்கட்டும். இடம் பத்தாமல் கடைசி எழுத்து நெருக்கினால், நெருக்கட்டுமே.