பிழிகிற கைக்கு ஒரு மெஷின்

ஜூஸர் கேட்டால் கடைக்காரர் முதலில் காட்டுவது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் ரகம். அடுத்து கோல்ட் பிரஸ்: நிமிடத்துக்கு 40 முதல் 80 சுற்றுதான், நிதானமாக நசுக்கும், நுரை குறைவு. கேரட், பீட்ரூட் என்று தினமும் பிழிபவர்களுக்கு அது சரி.

என் ஓட்டு அலுமினியக் கைமெஷினுக்கு. சாத்துக்குடியைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்து, பிடியை இழுத்து அழுத்தினால் போதும். கரண்ட் வேண்டாம், சத்தமில்லை. முக்கியமாக, விதையை அரைக்காது. மிக்ஸியில் அடித்த சாத்துக்குடி கசப்பதற்கு விதையும் வெள்ளைத் தோலும்தான் காரணம். பக்குவமாகப் பிழிந்த சாறும், வைத்திருந்தால் லிமோனின் என்ற கசப்புப் பொருள் உருவாகிக் கசந்துவிடும். பிழிந்த கையோடு குடித்துவிட வேண்டும்.

உடம்புக்கு நல்லதா? பழச்சாற்றின் சர்க்கரையைத் தேன், வெல்லத்தோடு சேர்த்தே கட்டுப்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டி. நார் சக்கையோடு போய்விடுகிறது. சர்க்கரை நோயாளிகள் சுளையாகவே தின்னலாம். ஆனால் காய்ச்சல் கண்ட நாக்குக்குச் சுளை இறங்குமா?

மின்சார ரகம்தான் வேண்டுமென்றால், விலை கேட்பதற்கு முன் சல்லடையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழுவச் சிரமமான மெஷின் சீக்கிரமே பரணேறிவிடும்.